வட்டுவாகலில் எழுதிய பெயர்கள்

"கடைசியாகக் கண்ட இடம்" என்று, போரில் காணாமற்போனவர்களுக்காக நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். எந்த ஆணைக்குழுவின் படிவமாக இருந்தாலும் இருக்கும். எதிரே இருந்த அம்மா வாய் திறப்பதற்கு முன்பே என் கை 'வட்டுவாகல்' என்று எழுதத் தொடங்கிவிட்டது. அவ்வளவு தடவை எழுதியாயிற்று.

"பாலத்தடி எண்டும் போடுங்கோ பிள்ளை. அங்கை வைச்சுத்தான் ஆமி பேர் பதிஞ்சது. ஒரு பெரிய கொப்பி. நான் கண்ணாலை பாத்தனான்."

"பேர் பதிஞ்சவை எண்டதையும் எழுதட்டோ அம்மா?"

"அதைத்தான் முதல் எழுதோணும். என்ர பிள்ளையைத் தாங்கோ எண்டு கேட்டுக் களைச்சுப் போனன். அந்தக் கொப்பியைத் தாங்கோ எண்டு எழுதுங்கோ."

நான் சட்டம் படிக்கவில்லை. கிளிநொச்சிப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், சனி ஞாயிறுகளில் சில தாய்மாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போனேன். எழுத்து துப்புரவாக இருக்கும் என்பதற்காக அழைத்தார்கள், அவ்வளவுதான். போர்க்காலத்தில் பொதுமக்களின் உரிமை பற்றி அதற்கு முன் நான் வாசித்தவை எல்லாம் பெரிய சொற்களாக இருந்தன. மனித மாண்பு, சர்வதேச மனிதாபிமானச் சட்டம், பொறுப்புக்கூறல். அந்த அம்மா கேட்டது ஒரு கொப்பியை. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் எனக்குப் பட்டதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்: ஒரு சாதாரண சனத்தைப் போரிலிருந்து காப்பது அவருடைய பெயரை எழுதுவதில் தொடங்குகிறது. யார் எழுதுகிறார்கள், எழுதியதை யாருக்குக் காட்டுகிறார்கள் என்பதில்தான் அவருடைய உயிர் தங்கியிருக்கிறது.

என் சொந்த நினைவும் ஒரு பதிவிலிருந்துதான் தொடங்குகிறது. 1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பிய நாள். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனம் நெருக்கி நெருக்கி நகர்ந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். தெளிவாக ஞாபகம் இருப்பது அதற்கு அடுத்த நாள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எங்களை இருத்திவிட்டு, அப்பா ஈர வேட்டியோடு பெயர் பதிய ஓடினார். விதானையார், அதாவது கிராம அலுவலர், ஒரு மேசை போட்டு இருந்தாராம். திரும்பி வந்து அம்மாவிடம் அப்பா சொன்ன வசனம், "பதிஞ்சாச்சு, இனிப் பயமில்லை." சாப்பாடு வரவில்லை, கூரை வரவில்லை, ஷெல் விழுவது நிற்கவில்லை. ஆனாலும் அப்பாவின் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. குடும்ப அட்டையில் ஐந்து பெயர். ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று யாரோ ஒருவருக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிய பதினைந்து வருடம் ஆனது.

ஏனென்றால் 2009-இல், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வடக்கின் வன்னிப் பகுதியில் நடந்ததை, முதலில் எண்ணிக்கையின் மீது நடந்த போராகத்தான் நான் பார்க்கிறேன்.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுப் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். பாதுகாப்புக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது, வெளியேறுங்கள் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. கிளிநொச்சியில் அவர்களுடைய அலுவலக வாசலில் சனம் கூடி நின்று போகாதீர்கள் என்று கெஞ்சியது. அந்தச் சனம் சட்டம் படித்ததில்லை. ஆனால் பார்க்கவும் எண்ணவும் ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த வாகனங்கள் போன பின்னர் உள்ளே எத்தனை பேர் என்பதே ஒரு சர்ச்சையானது. 2009 தொடக்கத்தில் அரசாங்கம் சொன்ன எண்ணிக்கை 70,000 அளவில் நின்றது. கச்சேரிகளிடம், அதாவது மாவட்டச் செயலகங்களிடம், இருந்த கணக்கு அதைவிடப் பல மடங்கு. அரசாங்க அதிபரும் கிராம அலுவலரும் அரசின் சொந்த ஊழியர்கள். சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. அவர்கள் அனுப்பிய கணக்கைத்தான் கொழும்பு ஏற்கவில்லை.

70,000 பேர் என்று எழுதினால் 70,000 பேருக்குத்தான் அரிசி. 70,000 பேருக்குத்தான் மருந்து. கப்பலில் வரும் மாவும் பருப்பும் அந்த எண்ணை வைத்துத்தான் ஏற்றப்படும். மயக்க மருந்து இல்லாமல் கை கால் அகற்றப்பட்ட கதைகளை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதன் தொடக்கம் பீரங்கியில் மட்டும் இல்லை, ஒரு கடிதத்தில் எழுதப்பட்ட எண்ணிலும் இருந்தது. போர் முடிந்து முகாம்களில் எண்ணியபோது வந்து சேர்ந்திருந்தவர்கள் 280,000-க்கும் மேல். அந்த 70,000 எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இறந்தவர்களின் கணக்கும் இப்படித்தான். ஐ.நா.வின் கொழும்பு அலுவலகத்தில் சிலர் இரகசியமாக, கவனமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயப்பட்டதாகவும் அவர்களிடம் கணக்கு இருந்தது. அதற்குப் பிறகு எண்ண முடியாமல் போனது. கடைசி ஐந்து நாட்கள்தான் மிகக் கொடியவை என்பது அங்கே இருந்த எவரும் சொல்வது. அந்த எண்களை ஐ.நா. தக்க நேரத்தில் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2012 நவம்பரில் வந்த அதன் சொந்த உள்ளக ஆய்வு அறிக்கை, இதை அமைப்பின் தோல்வி என்றே ஒப்புக்கொண்டது. 2011-இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று எழுதியது. 7,721-க்கும் 40,000-க்கும் நடுவில் இருப்பவர்கள் யார்? அவர்களுக்கும் ஆளுக்கொரு பெயர் இருந்தது. யாரோ ஆசையாகத் தேடித் தேடி வைத்த பெயர்.

உள்ளே இருந்த மருத்துவர்கள் எண்ணினார்கள். தொலைபேசியில் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டு, 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர்கள் முன் அமர்த்தப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன எண்கள் மிகைப்படுத்தியவை என்று சொன்னார்கள். அந்தக் காணொளியை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். அவர்கள் மீது எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. தறப்பாளின் கீழ் மாதக்கணக்காக அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் அவர்கள். வெளிநாடு சென்ற பின் அவர்களில் ஒருவர், அது அழுத்தத்தின் கீழ் சொன்னது என்று கூறியிருக்கிறார்.

சரி, எழுதி வைத்தால் எல்லாம் காப்பாற்றப்படும் என்று சொல்கிறேனா? இல்லை. பட்டியலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. நம் ஊர்ச் சரித்திரத்தில் அதைத்தான் முதலில் கண்டோம்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீட்டில் யார் என்று தேடவேண்டிய சிரமமே இருக்கவில்லை. வாக்குரிமைக்காகக் கொடுத்த பெயர் கொள்ளி வைக்கப் பயன்பட்டது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை, கதவைத் தட்டிப் பெயர் கேட்டாலே நடுங்கியது என்றால் அதில் அதிசயம் இல்லை.

எங்கள் பக்கத்துப் பட்டியல்களையும் சொல்லத்தான் வேண்டும். வன்னியில் விடுதலைப் புலிகளிடம் ஒவ்வொரு குடும்பத்தின் விபரமும் இருந்தது. வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கி, கடைசி மாதங்களில் அந்தக் கணக்கும் இல்லாமல் போனது. பெயர் பட்டியலில் இருந்த பிள்ளையை ஒளித்து வைக்க வீட்டுக்குள் குழி தோண்டிய தகப்பன்மார் இருந்தார்கள். பிடித்துக்கொண்டு போகாமல் இருப்பதற்காகவே பதினாறு, பதினேழு வயதில் தாலி கட்டி வைக்கப்பட்ட பெண்பிள்ளைகள் இருந்தார்கள். எல்லையைக் கடந்து தப்பப் போன சனத்தைப் புலிகள் சுட்டதையும் அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. நான் படிவம் நிரப்பிய தாய்மாரில் சிலர், ஆமிக்குப் பயந்ததைப் பற்றி உரத்துப் பேசிவிட்டு, இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். பயம் என்பதைவிட, கேட்கிறவர் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம். ஒரு பக்கக் கொடுமையை மட்டும் எழுதுவதற்கு நான் வரவில்லை அம்மா என்று சொன்ன பிறகுதான் சிலர் முழுதாகப் பேசினார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் போய் ஒரு தலைமுறையே அங்கே வளர்ந்த பிறகும், பெயரை எந்த மாவட்டத்து இடாப்பில் பதிவது என்ற கேள்வி அவர்களைத் துரத்தியது. புத்தளத்தில் பதிந்தால் ஊரில் காணி உரிமை பேச முடியாது, ஊரில் பதிந்தால் இருக்கிற இடத்தில் சலுகை இல்லை. போர் முடிந்து திரும்பி வந்தவர்களிடம், நீங்கள் இங்கே பதிவில் இல்லையே என்று சொன்ன மேசைகளில் தமிழர்களும் இருந்தார்கள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் கேட்கும் நீதியை நாங்களே கொடுக்காமல் விட்ட இடம் அது.

ஒரு இடத்தின் விபரமும் இப்படித்தான் ஆனது. மருத்துவமனைகள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இராணுவத்துக்கு அனுப்புவது வழக்கம். இங்கே அடிக்காதீர்கள் என்று சொல்வதற்காக. புதுக்குடியிருப்பு மருத்துவமனை இடம் தெரிவித்த பிறகும் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டது. கடைசியில் சில மருத்துவர்கள், எங்கள் இடத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள் என்று கேட்கும் நிலைமைக்கு வந்தார்கள். காப்பதற்காக எழுதிய முகவரிக்கே பயப்பட வேண்டியிருந்தது.

ஆகவே பெயர் எழுதுவது மட்டும் போதாது. எழுதியவர் அதை இன்னொருவருக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்க வேண்டும். எழுதிய கணத்திலேயே அதன் பிரதி ஒன்று, சண்டையில் இல்லாத யாரோ ஒருவர் கைக்குப் போக வேண்டும். செஞ்சிலுவைக்காரர் தடுப்பு முகாம்களுக்குப் போய் ஒவ்வொரு கைதியின் பெயரையும் பதிவதன் பொருள் இதுதான். ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று மூன்றாம் ஆளுக்குத் தெரிந்துவிட்டால், அவரை இல்லாமல் செய்வது கடினம். இதைச் சொல்லும் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் ஆயுதம் ஏந்தாதவரையும் ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும் மனிதராக நடத்து என்கிறது. காணாமற்போனவர் பற்றிக் கணக்குச் சொல்வது போரிடும் ஒவ்வொரு தரப்பின் கடமை என்பது வழக்காற்றுச் சட்டமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. எங்கள் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் வந்த அதே 1996-இல்தான், இராணுவத்தின் கீழ் வந்த யாழ்ப்பாணத்தில் சுமார் 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் கணக்கிட்டது.

இனி வட்டுவாகலுக்கு வருகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து வடமேற்கே புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் வீதியில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஒரு நீளமான, தாழ்வான பாலம். 2009 மே 17, 18-ஆம் திகதிகளில் முள்ளிவாய்க்காலிலிருந்து மிஞ்சிய சனம் அதன் வழியாகத்தான் இராணுவத்தின் பக்கம் வந்தது. இயக்கத்தில், அதாவது புலிகளோடு, ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பெயர் கொடுங்கள், பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்பதைத் திரும்பத் திரும்ப எல்லாத் தாய்மாரும் சொல்கிறார்கள். பல குடும்பங்கள் தாங்களே கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், யாழ்ப்பாணத்தில் பல தலைமுறை மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர், ஒரு தொகுதி மக்களோடு அங்கே நின்றார். சரணடைகிறவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க உதவியவர் அவர்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு பாதிரியார் கூட நிற்கிறார், பெயர் எழுதப்படுகிறது, ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதைவிடப் பாதுகாப்பான சரணடைதல் இருக்க முடியாது என்று அவர்கள் நினைத்தார்கள். பேருந்துகளில் ஏற்றினார்கள். அடிகளாரும் திரும்பி வரவில்லை.

நான் அந்தப் பேருந்துகளைப் பற்றி அடிக்கடி யோசிப்பேன். போர்க்களத்தில் ஷெல் பட்டு இறந்தவருக்கு யார் பொறுப்பு என்று நூறு விதமாக வாதாடலாம், யார் அடித்தது, எங்கிருந்து வந்தது என்று. பேருந்தில் ஏற்றியதில் அப்படி ஒன்றும் இல்லை. சண்டை முடிந்துவிட்டது. கை வெறுமையாக இருந்தது. ஏற்றியவர் யார், இருந்தவர் யார், நாள் எது, இடம் எது, எல்லாம் தெரியும். கொப்பியும் இருக்கிறது.

அந்தக் கொப்பி நீதிமன்றம் வரை போனது. ஆட்கொணர்வு மனுக்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கலாகி, முல்லைத்தீவு நீதவான் விசாரித்தபோது, 58-ஆவது படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் சரணடைந்தோரின் பட்டியல் இருக்கிறது என்று சாட்சியம் சொன்னார். அந்தச் செய்தி வந்த நாளில் தாய்மார் பட்ட சந்தோஷத்தை என்னால் இப்போதும் சொல்லி முடிக்க இயலாது. பிறகு நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்டது, முன்னாள் புலி உறுப்பினருக்கான அரசின் முகாம்களில் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தவர்களின் பட்டியல். வந்தவர்களின் பெயர்கள் வீட்டுக்காரருக்கே தெரியும். 2019-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது இராணுவம் கொடுத்த பதில், எங்களிடம் யாரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடம்தான் சரணடைந்தார்கள் என்பது. 2022 டிசம்பரில், புலிகளின் திருகோணமலை அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த எழிலன் தொடர்பான மனுவில், இராணுவம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று வவுனியா மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனுவைத் தாக்கல் செய்த அனந்தி சசிதரன், கணவர் தன் கண் முன்னாலேயே சரணடைந்தார் என்று முதல் நாளிலிருந்து சொல்லி வருகிறார். அவர் இன்னும் காத்திருக்கிறார்.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை செய்ததை இங்கே நினைக்கிறேன். 2011 ஜனவரியில் அவர், அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போனார். புதிதாக எதையும் சொல்லவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. கச்சேரிகளின் கணக்கை எடுத்தார்: 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு 2009 ஜூலை வரை வந்தவர்கள் 282,380. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது, தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல். அதில் பதிவுப் பிழை இருக்கலாம், இரட்டைப் பதிவு இருக்கலாம், வேறு வழியால் வெளியேறியவர்கள் இருக்கலாம். அப்படியென்றால் அதைச் சரிபார்த்து, ஊர் ஊராக, பெயர் பெயராகச் சொல்வது அரசின் வேலை. செய்யவில்லை. ஆயரைக் குற்றப் புலனாய்வுக்காரர் விசாரிக்கப் போனார்கள். 2021 ஏப்ரல் 1-ஆம் திகதி அவர் காலமானார், அந்தக் கழித்தல் கணக்குக்கு விடை கிடைக்காமலே.

போர் முடிந்த பிறகு எழுதுவது நின்றுவிடவில்லை, அதுதான் வேதனை. வவுனியாவின் மெனிக் பாம் அகதி முகாமில் கம்பி வேலிக்குள் இருந்த சனத்தை எத்தனை பேர் பதிந்தார்கள் என்று கணக்கே இல்லை. புனர்வாழ்வு முகாம்களில் இருந்த பதினோராயிரம் பேர் வரையானவர்களைப் பார்க்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை. அப்புறம் ஆணைக்குழுக்கள். 2010-இல் ஒன்று, 2013-இல் பரணகம ஆணைக்குழு, 2018 முதல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், 2021-இல் மீண்டும் ஒன்று. ஒவ்வொன்றும் தாயை முதலிலிருந்து சொல்லச் சொன்னது. முந்தியதுக்குச் சொன்னது எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000-க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் போயின. அவற்றில் சுமார் 5,000 காணாமற்போன படையினரின் குடும்பங்களுடையவை. தெற்கில், 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் இன்னும் நீண்ட வரிசையில் முப்பது வருடத்துக்கு மேலாக நிற்கிறார்கள். அவர்களுடைய படிவத்திலும் "கடைசியாகக் கண்ட இடம்" என்ற கேள்வி இருந்திருக்கும்.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்கிறேன். 2010-ஆம் ஆண்டு வந்த சட்டத்தின்படி, ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் இருப்பவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். காணி மாற்ற, வங்கிக் கணக்கைத் திறக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி, எடுக்காவிட்டால் இல்லை என்ற நிலையில் பலர் கையெழுத்து வைத்தார்கள். வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளையை நானே கொன்றுபோட்டேன் என்று அழுதவரை எனக்குத் தெரியும். ஆர்ஜென்டினாவில் 1994-லேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். இறந்தார் என்று சொல்லாமல், காணாமல் ஆக்கப்பட்டதால் இங்கே இல்லை என்று பதிய ஒரு சட்டம். 2016-இல் இலங்கையிலும் அதே போல், காணவில்லை என்று அரசு எழுதித் தரும் சான்றிதழ் வந்தது. இரண்டு வருடத்துக்குச் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்கலாம். இது உண்மையில் நல்ல சட்டம், கொண்டுவரப் பாடுபட்டவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மேல் மாதம் 6,000 ரூபாய் என்றும், 2022-இல் ஒரே தடவையாக 100,000 ரூபாய் என்றும் பேச்சு வந்தபோது, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் உட்கார்ந்திருந்த தாய்மார் வேண்டாம் என்றார்கள். கஷ்டம் இல்லாமலா வேண்டாம் என்றார்கள்? கூலி வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளையை வளர்க்கிறவர்கள். காசை வாங்கினால் கொப்பியைக் கேட்கும் உரிமை போய்விடும் என்று பயந்தார்கள். வாங்கியவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். பசிக்கு ஒரு நாள் கூடத் தவணை இல்லை.

சிலர் பெயர் கொடுக்கவே பின்வாங்குகிறார்கள். போராட்டப் பந்தலுக்கு வந்து போகிறவர்களைப் புலனாய்வுக்காரர் படம் எடுக்கிறார்கள், இரவில் வீட்டுக்கு வந்து மற்றப் பிள்ளை எங்கே வேலை செய்கிறது என்று கேட்கிறார்கள். காணாமற்போனவரைப் பதியப் போனால், இருக்கிற பிள்ளை இன்னொரு பட்டியலில் ஏறிவிடும் என்ற பயம். 1983-இன் இடாப்பு இன்னும் இவர்கள் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது மண் பேசத் தொடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மணிக்கு இது புதிதில்லை. 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாணவி கிருஷாந்தியும், அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் அங்கே கொல்லப்பட்டார்கள். 1998-இல் அந்த வழக்கில் தண்டனை பெற்ற ஒரு சிப்பாய், அங்கே இன்னும் முந்நூறு நானூறு பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் தோண்டியபோது பதினைந்து உடல்கள் கிடைத்தன, பிறகு தோண்டுவது நின்றது. 2025-இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு வெட்டியபோது மீண்டும் எலும்புகள். செப்டெம்பருக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு ஒரு நீலப் புத்தகப் பை. ஓகஸ்ட் 5-ஆம் திகதி, எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் பார்த்து அடையாளம் காணக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் பை யாருடையது என்று தெரிய வேண்டுமானால், காணாமற்போன பிள்ளைகளின் முழுமையான பட்டியல் ஒன்று வேண்டும், அவர்களுடைய உறவினரின் இரத்த மாதிரி வேண்டும். முன்னாள் யூகோஸ்லாவியாவில் நடந்த போர்களில் சுமார் 40,000 பேர் காணாமற்போனார்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு என்ன நடந்தது என்று இன்று தெரியும். குடும்பங்களின் இரத்தத்தை எடுத்து எலும்போடு ஒப்பிட்டார்கள், ஒவ்வொருவராக, பல வருடங்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தாய்மார் வயது போய் இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட வேண்டிய இரத்தமும் போகிறது.

நான் முதலில் சொன்ன அம்மாவின் படிவத்துக்கு, பல மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் முறைப்பாடு கிடைத்தது, ஆராயப்படுகிறது என்று இரண்டு வரி. அதில் மகனின் பெயரில் முதலெழுத்து மாறியிருந்தது. நடுவில் ஒரு எழுத்தும் பிழை. வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். கடிதத்தை வாங்கி, மடித்து, என் பக்கம் தள்ளி வைத்தார்.

"இது வேறை ஆரோ. அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு அனுப்பச் சொல்லுங்கோ."

"பிழையா அடிச்சிருக்கினம் அம்மா. திருத்தச் சொல்லி எழுதுவம்."

"எழுதுங்கோ. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தகப்பனின் முதலெழுத்து, பிறகு பெயர். எழுதி முடித்ததும், வாசியுங்கோ என்றார். வாசித்தேன். இன்னொருக்கால் என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசித்தேன். அடுத்த அறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த மகள் அகப்பையோடு வந்து கதவடியில் நின்றாள்.

"ஓம்," என்றார் அம்மா. "அவன்தான்."